கிட்டார் பெடல் கட்ட எந்த சால்டரிங் அயன், எந்தப் பிட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபஸ், ஓவர்டிரைவ், டிலே என்று கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல்களைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது சர்க்யூட்டைப் பற்றி அல்ல, சால்டர் என்கிற ஈயக் கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டவைக்கும் அயனைப் பற்றித்தான். சில நூறு ரூபாயிலும் அயன் உண்டு, பல ஆயிரத்திலும் உண்டு. எதை எடுப்பது என்று குழம்புவது இயல்பு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அயனைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் பாதியை அதன் சூடான முனையான பிட்டுக்குக் கொடுங்கள். கெட்டுப்போகிற பெடல்களில் பெரும்பாலானவை மோசமான அயனால் கெடுவதில்லை, நல்ல அயனில் மாட்டிய தப்பான பிட்டால் கெடுகின்றன.

எத்தனை வாட் அயன் வேண்டும்?

அயன் எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை வாட் சொல்வதில்லை. இழந்த சூட்டை எவ்வளவு சீக்கிரம் மீட்கும் என்பதைத்தான் சொல்கிறது. ரெசிஸ்டர் காலில் பிட்டை வைத்தால் அது உறிஞ்சும் சூடு கொஞ்சம். அதே பிட்டை ஜாக்கின் (கிட்டார் வயரைச் செருகும் சாக்கெட்டின்) எர்த் லக்கில், அதாவது வயரை ஒட்டும் உலோகக் காதில், வையுங்கள். லக், அதோடு சேர்ந்த உலோகச் சட்டம், சில சமயம் அலுமினியப் பெட்டி வரை சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பெடல் கட்டும்போது இந்த இரண்டு வேலையும் ஒரே மாலையில் வரும். எனவே வெப்பக் கட்டுப்பாடு உள்ள 50 முதல் 70 வாட் வரையிலான அயன் வாங்குங்கள்.

"60 வாட்டா? பாகமெல்லாம் கருகிவிடாதா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். கட்டுப்பாடு உள்ள அயனில் 340 டிகிரி என்று வைத்தால் அது அதை ஒட்டியே நிற்கும், 70 வாட்டாக இருந்தாலும் சரி. கருக்குவது கட்டுப்பாடே இல்லாத 60 வாட் அயன். அது தடித்த வயருக்கும் தகரத்துக்கும் ஆனது, பெடலின் சர்க்யூட் போர்டுக்கு அல்ல.

வீட்டில் சாதாரண 25 வாட் அயன் இருக்கிறது. அதிலேயே ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. நம் ஊர் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் சோல்ட்ரான் 25 வாட்டை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். முதல் பெடலாக எல்பிபி-1 போன்ற பூஸ்டரைக் கட்டுங்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1968-இல் கொண்டுவந்த பெட்டி அது. உள்ளே ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் விரல் விட்டு எண்ணக்கூடிய பாகங்களும்தான். 25 வாட்டுக்கு அது பெரிய வேலையே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போது இந்த அயன் தேவைக்கு மேல் சூடேறி, பிட் கருக்கும். பெரிய லக்கில் வைத்ததும் சூடு சட்டென்று இறங்கும். இதற்கு மேல் மின்சாரம் வேறு. அயனின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மாலை நேரத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் உங்கள் 25 வாட் அயன் கிட்டத்தட்ட 17 வாட் அயன் ஆகிவிடும். "காலையில் நன்றாக உருகியது, இப்போது ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புபவர்கள் ஒருமுறை மல்டிமீட்டரைப் பிளக் பாயிண்டில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது பெடலுக்கு அயனை மாற்றுங்கள். பழையது கனமான வயர் வேலைக்கு இருக்கட்டும்.

ஸ்டேஷனா, யூஎஸ்பி-சி அயனா?

மேஜை நிரந்தரமாக இருந்தால், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் ஸ்டேஷன். சாப்பாட்டு மேஜையில் வேலை செய்து, முடிந்ததும் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு எடுத்து வைக்க வேண்டும் என்றால் யூஎஸ்பி-சி அயன். இரண்டிலுமே நல்லவை இருக்கின்றன.

ஸ்டேஷன்களில் ஜப்பானின் ஹக்கோ எஃப்எக்ஸ்-888டி, வெல்லர் டபிள்யூஈ1010 இரண்டும் 70 வாட். எது வாங்கினாலும் நீங்கள் கிட்டாரை விட்டாலும் அது உங்களை விடாது, அவ்வளவு நாள் உழைக்கும். பாதி விலையில் வேண்டும் என்றால் டி12 வகை ஸ்டேஷனைப் பாருங்கள். டி12 என்பது ஹக்கோவின் கார்ட்ரிட்ஜ் பிட் வகை. ஹீட்டரும் சூட்டை அளக்கும் சென்சாரும் பிட்டுக்கு உள்ளேயே இருக்கும். சில நொடிகளில் சூடாகும், லக்கில் வைத்தாலும் உடனே ஈடுகொடுக்கும். இதைச் சீனத் தயாரிப்பாளர்கள் பலர் மலிவாகச் செய்கிறார்கள். தரம் கடைக்குக் கடை மாறும், ஆனால் வேலை ஓடும்.

சிறிய அயன்களில் மினிவேர் டிஎஸ்100 (இதில் யூஎஸ்பி-சி இல்லை, வட்ட டிசி சாக்கெட்தான்), பைன்64 நிறுவனத்தின் பைன்சில் இரண்டும் பெடல்காரர்களிடம் பிரபலம். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். டிஎஸ்100 வகை பிட்டின் மின்தடை சுமார் 8 ஓம். 20 வோல்ட் கொடுத்தால் 50 வாட் கிடைக்கும். 12 வோல்ட் கொடுத்தால் 18 வாட்தான். ஆகவே செல்போன் சார்ஜரைச் செருகிவிட்டு "இந்த அயன் சரியில்லை" என்று சொல்லக் கூடாது. 20 வோல்ட் தரும் 65 வாட் லேப்டாப் சார்ஜர் வேண்டும். பெடலுக்கான 9 வோல்ட் அடாப்டர் பக்கத்திலேயே கிடக்கும், செருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதில் நடுமுனை நெகட்டிவ், வோல்டேஜும் போதாது. வேண்டாம்.

936 ஸ்டேஷன் என்று மலிவாக விற்கிறார்களே, அது ஹக்கோவா?

936 மாடலை ஹக்கோ நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது புதிதாகக் கிடைப்பவை நகல்கள். மோசம் என்று ஒதுக்க மாட்டேன். அதற்கான 900எம் வகை பிட்கள் எங்கும் கிடைப்பது பெரிய வசதி. ஆனால் அதில் பிட் வெறும் குழாய், ஹீட்டரின் மேல் தொப்பிபோல் உட்காரும். நடுவில் இடைவெளி இருந்தால் டயலில் 350 காட்டும், பிட் நுனியில் 300 கூட இருக்காது. பிட் கிண்கிண் என்று ஆடினால் வேறு பிட் மாற்றிப் பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் ஸ்டேஷன் வாங்கி வரச் சொல்லலாமா?

120 வோல்ட் மாடலைத்தான் கொண்டுவந்து கொடுப்பார். நம் 230-இல் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பைன்சில் என்றால் வாங்கி வரச் சொல்லுங்கள், அது எந்த ஊர் சார்ஜரிலும் ஓடும்.

பழைய வெல்லர் ஸ்டேஷன் ஒன்று கிடைத்தது, அதில் சூட்டைக் கூட்டக் குறைக்கக் குமிழே இல்லையே?

அது மேக்னாஸ்டாட் வகையாக இருக்கும். அதில் பிட்தான் குமிழ். ஒவ்வொரு பிட்டின் அடியிலும் ஒரு காந்தக் கலவைத் துண்டு உண்டு. குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் அந்தத் துண்டின் காந்தத்தன்மை போய், சுவிட்ச் அணைந்துவிடும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிட்டின் அடிப்பக்கத்தில் 6, 7, 8 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது 600, 700, 800 ஃபாரன்ஹீட். 7 என்றால் சுமார் 370 டிகிரி செல்சியஸ். பிட் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிடைத்தால் அருமையான அயன்.

சரி, எந்த வடிவப் பிட்?

உளி வடிவம். அகலம் 2.4 மி.மீ. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதுதான், யோசிக்கவே வேண்டாம்.

பெடலின் சர்க்யூட் போர்டில் பேட்கள், அதாவது பாகத்தின் காலை ஒட்டும் செப்புப் புள்ளிகள், பெரும்பாலும் 1.5 முதல் 2 மி.மீ. அகலம் இருக்கும். 2.4 மி.மீ. உளியின் தட்டையான முகத்தை வைத்தால் பேடும் பாகத்தின் காலும் ஒரே சமயத்தில் பிட்டைத் தொடும், இரண்டு நொடியில் ஈயம் பாய்ந்துவிடும். உளியின் மூலையை மட்டும் வைத்தால் சின்ன வேலையும் நடக்கும். திருப்பி முழு அகலத்தையும் சாய்த்துப் படுக்கவைத்தால் ஜாக் லக்கும் உருகும். ஒரு பிட்டுக்குள் மூன்று பிட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே 1.6 மி.மீ. உளி ஒன்று இருந்தால் நல்லது. ஹக்கோ எஃப்எக்ஸ்-888டி வாங்கினால் அதோடு வருவதே இந்த அளவு, டி18-டி16. வெரோபோர்டில் செப்புப் பட்டைகள் 2.54 மி.மீ. இடைவெளியில் அடுத்தடுத்து ஓடும். அங்கே பெரிய பிட் பக்கத்துப் பட்டைக்கும் ஈயத்தை இழுத்துவிடும். வெரோவில் கட்டுபவர்களுக்கு 1.6 அவசியம், சர்க்யூட்டை அச்சிட்டு வரும் பிசிபி போர்டில் கட்டுபவர்களுக்கு அது வசதி.

மூன்றாவதாக 3.2 மி.மீ. உளி. கிட்டாருக்கு உள்ளே வயரிங் செய்கிறவர்கள், அதாவது பொட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தின்) முதுகில் எர்த் வயர் வைக்கிறவர்கள், இதைக் கட்டாயம் வாங்கவேண்டும். பெடல் மட்டும் என்றால் தேவையில்லை.

கத்தி வடிவ பிட் சிலருக்குப் பிடிக்கும். எஸ்எம்டி ஐசியின் (துளையில் நுழையாமல் போர்டின் மேலேயே ஒட்டும் குட்டி ஐசியின்) கால்களில் வரிசையாக இழுத்துக்கொண்டே போகலாம். பெடலில் அந்த வேலை அரிது. ஜே201 போன்ற ஜெஃபெட் டிரான்சிஸ்டர்கள் இப்போது பெரும்பாலும் எஸ்எம்டி வடிவில்தான் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதற்கு மூன்றே கால், 1.6 உளியும் கொஞ்சம் ஃப்ளக்ஸும் போதும்.

அயனோடு வந்த ஊசி பிட் இருக்கிறதே? மெல்லிய வேலைக்கு மெல்லிய முனைதானே சரி?

இந்த எண்ணம்தான் நிறையப் பேருடைய போர்டைக் கெடுத்திருக்கிறது. ஊசி முனை பேடைத் தொடுவது ஒரு புள்ளியில். அந்தப் புள்ளி வழியாகச் சூடு போய்ச் சேர ஏழெட்டு நொடி ஆகும். ஈயம் உருகவில்லையே என்று நீங்கள் சூட்டை 420-க்கு ஏற்றுவீர்கள், அழுத்தியும் பிடிப்பீர்கள். விளைவு, பேட் போர்டைவிட்டுக் கிளம்பி வரும். கனமான தோசைக்கல்லில் மாவை ஊற்றினால் சூடு இறங்காமல் நின்று மொறுமொறுவென்று வரும். மெல்லிய கல்லில் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அந்தப் பதம் வராது. பிட்டும் அப்படித்தான், நுனியில் செம்பின் கனம் இருந்தால் குறைந்த சூட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

ஊசி பிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஓட்டை போட உதவும்.

எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

காரீயம் கலந்த சால்டர் என்றால் 330 முதல் 350. ஜாக், ஸ்விட்ச் லக், டிசி சாக்கெட்டுக்கு வரும்போது 370. காரீயம் இல்லாத சால்டர் என்றால் இதோடு 20, 30 டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நொடிக்கு மேல் ஒரு பேடில் நிற்க வேண்டியிருந்தால் சூட்டை ஏற்றாதீர்கள், பிட்டை மாற்றுங்கள். அல்லது பிட் நுனியில் துளி புது ஈயம் தொட்டுக்கொண்டு மறுபடி வையுங்கள். காய்ந்த பிட் சூட்டைக் கடத்தாது, ஈரமாக இருக்கும் பிட் கடத்தும்.

எந்த ஈயம் வாங்குவது?

63/37 கிடைத்தால் அது, இல்லையென்றால் 60/40. முதல் எண் வெள்ளீயம், இரண்டாவது காரீயம். 63/37 கலவை 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும். 60/40-க்கு நடுவில் சில டிகிரி கூழ் நிலை உண்டு. அந்த நேரத்தில் கை அசைந்தால் மூட்டு சொரசொரவென்று போய்விடும். கை நடுங்குபவர்கள் 63/37-க்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம்.

நம் ஊர்க் கடைகளில் ஈயக் கம்பியின் தடிமனை எஸ்டபிள்யூஜி எனும் கேஜ் எண்ணில் சொல்வார்கள். 22 கேஜ் கேளுங்கள். அது சுமார் 0.7 மி.மீ., பெடலுக்கு அளவெடுத்தது போலிருக்கும். 18 கேஜ் 1.2 மி.மீ.; ஒரு தொடுதலுக்கே பேட் நிரம்பி வழியும். நடுவில் ரோசின் ஃப்ளக்ஸ் ஓடும் சால்டராக இருக்கட்டும். எடைக்கு விற்கும் பெயரில்லாத சுருளில் வெள்ளீயம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உருகாமல் இழுத்தடித்து, உறைந்ததும் சாம்பல் நிறத்தில் நின்றால் அந்தச் சுருளைத் தள்ளி வையுங்கள்.

காரீயம் இல்லாத சால்டர் மோசமா? இல்லை. காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதிகள் 2006 ஜூலையில் அமலுக்கு வந்ததிலிருந்து அங்கே விற்கும் பெடல்களுக்கு அதுதான். ஆனால் அது உருகுவதே 217 டிகிரிக்கு மேல், பாய்வதும் மந்தம். கை பழகுகிற காலத்தில் ஏன் சிரமப்பட வேண்டும்?

டப்பாவில் வரும் பேஸ்டைத் தொட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். சால்டருக்கு உள்ளே இருக்கும் ரோசினே போதும். டப்பா பேஸ்டில் சிலவற்றில் அமிலம் உண்டு. வேலை அன்றைக்கு அழகாக முடியும், சில மாதம் கழித்துக் கால்கள் பச்சை பூத்து நிற்கும். பைப் வேலைக்கு விற்கும் ஃப்ளக்ஸை மேஜைக்கே கொண்டுவராதீர்கள். தனி ஃப்ளக்ஸ் தேவைப்படுவது எஸ்எம்டிக்கும், பழைய ஈயத்தை எடுக்கும்போதும்தான். அதற்கு ரோசின் ஃப்ளக்ஸ் பேனா வாங்குங்கள்.

காலால் மிதிக்கும் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் கெட்டுப்போகிறதே?

3பிடிடி ஸ்விட்ச்தானே, ஒன்பது கால் உள்ள நீல நிறப் பெட்டி. பெடலில் சூட்டுக்கு அதிகம் பயப்பட வேண்டிய பாகம் இதுதான், டிரான்சிஸ்டர் அல்ல. ஒவ்வொரு லக்கும் பிளாஸ்டிக் அடித்தளத்தில் நிற்கிறது. லக் நெடுநேரம் சூடானால் அடித்தளம் இளகி லக் சாயும், உள்ளே இருக்கும் தொடுமுனை விலகும். உள்ளே தடவியிருக்கும் கிரீஸும் உருகித் தொடுமுனைமேல் படரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிதித்தால் சில சமயம் பைபாஸ் ஆகும் (எஃபெக்ட் அணையும்), சில சமயம் ஆகாது.

வைக்கும் முறை இது. அயன் 370-இல், 2.4 உளி. முதலில் வயர் நுனியில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். 7/36 மல்டிஸ்ட்ராண்ட் வயர் என்றால் இழைகளை முறுக்கிவிட்டுப் பூசினால் ஊசிபோல் நிற்கும். லக்கின் துளையில் வயரை நுழையுங்கள், சுற்றி முறுக்க வேண்டாம், பிறகு கழற்றவேண்டி வந்தால் அதுவே எமன். உளியின் அகல முகத்தை லக்கின் ஒரு பக்கம் முழுதாகப் படியவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைத் தொடுங்கள். துளை நிரம்பியதும் எடுத்துவிடுங்கள். இரண்டு நொடி. உடனே பக்கத்து லக்குக்குப் போகாமல் மூலைக்கு மூலை தாவுங்கள். அதற்குள் முதல் லக் ஆறிவிடும். நான்கு லக் முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஸ்விட்சுக்கென்றே சின்ன டாட்டர் போர்டு கிடைக்கிறது. அதை மாட்டினால் லக்குகளுக்கு இடையே வயர் பாலம் போடும் வேலை மிச்சம். நான் வயரிங்கை ரசிப்பவன், ஆனாலும் போர்டுக்குத்தான் ஓட்டு.

ஜாக்கும் உருகுகிறதே?

பிளாஸ்டிக் பெட்டி உள்ள மூடிய ஜாக்கில் ஈயம் வைக்கும்போது ஒரு கிட்டார் பிளக்கைச் செருகிக்கொண்டு வையுங்கள். பிளாஸ்டிக் கொஞ்சம் இளகினாலும் உள்ளே இருக்கும் தகடு இடம் மாறாது. திறந்த சட்டம் உள்ள ஸ்விட்ச்கிராஃப்ட் வகை ஜாக் உருகாது, ஆனால் சூட்டைக் குடிக்கும். அதன் ஸ்லீவ் (எர்த்) லக்கில் முன்கூட்டியே ஈயம் பூசி வைத்துவிட்டால் வயர் சேர்க்கும்போது சுலபம். இந்த வேலையெல்லாம் பெட்டிக்கு வெளியே முடியட்டும். 125பி அலுமினியப் பெட்டியில் ஜாக்கை இறுக்கிவிட்டு லக்கில் அயனை வைத்தால் பெட்டி முழுக்கச் சூடேற்றப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெடலில் பொட்டின் முதுகில் எர்த் வைக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கிட்டாருக்குள் பொட்கள் மரத்தில் உட்கார்ந்திருப்பதால் அங்கே அது தேவை. பெடலில் பொட்டின் உடல் நட்டு மூலம் அலுமினியப் பெட்டியைத் தொடுகிறது, பெட்டி ஜாக் வழியாக எர்த்துக்குப் போகிறது. கிட்டார் வயரிங் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் 16 மி.மீ. பொட்டின் முதுகை வீணாகச் சுட்டு, உள்ளே இருக்கும் கார்பன் தடத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடு தாங்குமா?

சிலிக்கான் டிரான்சிஸ்டரின் உட்பகுதி 150 டிகிரி வரை தாங்கும்; ஜெர்மானியத்துக்கு 100 டிகிரியை ஒட்டியே எல்லை முடிந்துவிடும். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸின் சுவையே அதிலிருந்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில்தான் இருக்கிறது, அதனால் இந்தக் கேள்வி நிற்பதில்லை. என்கேடி275, ஏசி128 எதுவானாலும் இன்று புதிதாகத் தயாராவதில்லை, தீய்த்துவிட்டால் மறுபடி தேட வேண்டும்.

சாக்கெட் போட்டுவிடுங்கள், கதை முடிந்தது. ஈயமெல்லாம் சாக்கெட்டில் வைத்து, ஆறியபிறகு டிரான்சிஸ்டரைச் செருகலாம். ஃபஸ்ஸில் எப்படியும் நான்கைந்து டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் ஜோடி சேர்க்க வேண்டியிருக்கும். நேரடியாக வைத்தே தீரவேண்டும் என்றால் கால்களை நீளமாக விட்டு, உடலுக்கும் பிட்டுக்கும் நடுவே முதலை கிளிப் ஒன்றைக் கடிக்க விடுங்கள். சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. ஜெர்மானியத்தின் லீக்கேஜ் கரண்ட், அதாவது கசியும் மின்சாரம், சூட்டோடு ஏறும். ஈயம் வைத்த கையோடு, அல்லது விரலால் பிடித்துக்கொண்டே மீட்டரில் அளந்தால் நல்ல டிரான்சிஸ்டர்கூட ஓட்டை டிரான்சிஸ்டர்போல் காட்டும். ஐந்து நிமிடம் விட்டு அளங்கள். மே மாதச் சென்னையில் ஃபஸ் ஒரு மாதிரியும் டிசம்பரில் வேறு மாதிரியும் கேட்பதற்கும் இதுவே காரணம், உங்கள் சால்டரிங் அல்ல.

சரியாகப் பிடிக்காத மூட்டை, அதாவது ட்ரை சால்டரை, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈயம் பேடின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல மூட்டு கால் பக்கம் ஏறி, பேடின் விளிம்பு வரை சரிந்து இறங்கும். பொட், ஜாக், டிசி சாக்கெட் கால்களைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆட்டம் காணும் பாகங்கள் இவைதான். கண்ணுக்குத் தெரியவில்லையா? பெடலை ஆம்பில் போட்டு ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாக மெல்லத் தட்டுங்கள். கரகரக்கும் இடத்தில் கொஞ்சம் புது ஈயம் கொடுத்து மறுபடி உருக்கினால் போதும். பழைய ஈயத்தையே திரும்பத் திரும்ப உருக்காதீர்கள், அதில் இருந்த ஃப்ளக்ஸ் எப்போதோ புகையாகிவிட்டது.

சத்தமே வரவில்லை என்றால் ட்ரை சால்டருக்குப் போகுமுன் ஐசி திசை, எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் பிளஸ் மைனஸ், வயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே மாட்டும்.

பிட் கருத்துப்போய் ஈயமே ஒட்டவில்லை. தேய்க்கலாமா?

உப்புத்தாள், அரம் எதுவும் கூடாது. பிட்டின் உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்பு முலாம். உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்னும், முலாம்தான் தடுக்கிறது. தேய்த்து முலாம் போனால் சில வாரத்தில் நுனியில் பள்ளம் விழும். (மலிவான 25 வாட் அயனில் முலாம் இல்லாத வெறும் செம்பு பிட் வரும், அதை மட்டும் அரத்தால் தேய்க்கலாம், தேய்க்கவும் வேண்டும்.)

பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, தாராளமாகப் புது ஈயத்தில் குளிப்பாட்டி, மறுபடி குத்துங்கள். நாலைந்து சுற்றில் மினுங்கும். அசையாத கறுப்புக்கு டிப் டின்னர் என்ற டப்பா உண்டு. ஸ்பாஞ்ச் வைத்திருப்பவர்கள் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு பிட்டில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது.

அணைக்கும் முன் பிட்டில் பெரிய துளி ஈயத்தை விட்டுவிட்டு அணையுங்கள். துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போகிறவர்களின் பிட்தான் சீக்கிரம் சாகிறது.

தப்பாக வைத்த பாகத்தை எப்படிக் கழற்றுவது?

இரண்டு கால் உள்ளதா? ஈயம் உறிஞ்சும் பம்ப். மூன்று கால் டிரான்சிஸ்டரா? ஃப்ளக்ஸ் தொட்ட செப்பு விக் (ஈயத்தை உறிஞ்சும் பின்னல் பட்டை), 2 அல்லது 2.5 மி.மீ. அகலம், அதன்மேல் 2.4 உளி. எட்டுக் கால் ஐசி என்றால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கால்களை வெட்டி ஒவ்வொன்றாக இடுக்கியில் இழுங்கள். 4558 போன்ற ஆப் ஆம்ப் ஐசி மலிவு, பேட் மலிவில்லை. எப்போதும் ஐசிக்கு சாக்கெட் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

புகை உடம்புக்குக் கெடுதலா?

அந்தப் புகை காரீயம் அல்ல. 350 டிகிரியில் காரீயம் ஆவியாகாது, அதன் கொதிநிலை 1,700 டிகிரியைத் தாண்டியது. நீங்கள் முகர்வது ரோசின் புகை. அதுவும் லேசானதில்லை; மூச்சுக்குழலை உறுத்தும், தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். சீலிங் ஃபேன் புகையை உங்கள் முகத்துக்கே சுழற்றிவிடும், மூட்டையும் ஆறவைக்கும். அதை அணைத்துவிட்டு, சின்ன டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வைத்து, வேலையிலிருந்து புகையை வெளியே இழுக்க விடுங்கள்.

காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. ஈயத்தை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் பழைய மெக்கானிக்குகள் சிலருக்கு உண்டு. அதை மட்டும் அவர்களிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு முறுக்கை எடுங்கள். குழந்தை தவழும் வீட்டில் தரையில் உட்கார்ந்து ஈயம் வைக்கக் கூடாது.

இரண்டு பின் பிளக் உள்ள அயன் ஆபத்தா?

உங்களைவிட பாகங்களுக்குத்தான் ஆபத்து. எர்த் இல்லாத அயனின் பிட்டில் லேசான லீக்கேஜ் வோல்டேஜ் நிற்கலாம். பிஎஸ்170, 2என்7000 போன்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களும் சிமாஸ் வகை ஐசிகளும் அதில் போகக்கூடும். மூன்று பின் பிளக், உண்மையிலேயே எர்த் இருக்கும் பிளக் பாயிண்ட், இரண்டும் வேண்டும். பெடலை ஆம்பிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் கழற்றிவிட்டே அயனைத் தொடுங்கள்.

எங்கே வாங்கலாம்?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. அயன், பிட், 22 கேஜ் ஈயம், விக், 7/36 வயர், ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் ஒரு நடையில் முடியும். பிட் வாங்கப் போகும்போது பழைய பிட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 900எம், டி18 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பிபோல் இருக்கும், கடைக்காரரும் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். 3பிடிடி ஸ்விட்ச், 125பி பெட்டி, ஜெர்மானியம் போன்றவற்றுக்குப் பெடல் பாகங்களை விற்கும் ஆன்லைன் கடைகளே வழி. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு சிம் லிம் டவர். கணினி விற்கும் சிம் லிம் ஸ்கொயர் வேறு கட்டடம்.

துப்பாக்கி வடிவ சால்டரிங் கன் இருக்கிறது, பயன்படுத்தலாமா?

கார்ல் வெல்லர் 1946-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. விசையை அழுத்தினால் சில நொடியில் சூடாகும். 100 வாட்டுக்கு மேல் என்பதால் வால்வ் ஆம்பின் உலோகச் சேசிஸில் எர்த் வைக்கப் பிரமாதம். பெடலின் சர்க்யூட் போர்டில் வைத்தால் பேட் பிட்டோடு சேர்ந்தே வந்துவிடும்.